தாயார் கண்ணை மூடினால்

பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி.; ஓரிடத்தில் நில்லான். வைத்தியம் பிள்ளைக்கு, உபதேசம் தாயாருக்கு: "மூச்சைக் கவனியுங்கள் அம்மா, மனம் அமைதியாகும்!"

உபதேசத்தில் பழுதில்லை. 1979-இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், நாள்பட்ட வலியால் வருந்தியவர்களுக்காக ஏற்படுத்திய பயிற்சி அது. 8 வாரம், வீட்டிலும் அநேகமாகத் தினம் 45 நிமிஷம். இத்தகைய பயிற்சியால் பெற்றோரின் மனச்சுமை ஓரளவு குறைவதும் வாஸ்தவமே.

ஆனால் ஐயா, அந்த 45 நிமிஷமும் அலமாரிமேல் ஏறுகிறவனை யார் பிடித்துக்கொள்வது? பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தகப்பனாரா? 'வளர்த்த லட்சணம்' என்கிற உறவினரா? வாராவாரம் புகார் எழுதியனுப்பும் பள்ளிக்கூடமா? இவர்களுக்கெல்லாம் பயிற்சி வேண்டாமாம். பொறுமையும் அவள்தான் கற்க வேண்டுமாம்!

தகப்பனார் முதலில் பையனைக் கடற்கரைக்கு அழைத்துப் போகட்டும். அவள் மூச்சைக் கவனிக்கட்டும். தூங்கிப் போனாலும் சரி.