இரும்பு மலிவு... பேட்டரியும் மலிவா?

பிள்ளைச்சாவடி இன்ஜினியரிங் காலேஜ் (2020 முதல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்!) வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், சத்தமே இல்லாமல் நாலு மின்சார ஸ்கூட்டராவது கடந்து போகும். அதில் விலை உயர்ந்த பாகம் எது? பேட்டரிதான். கோபால்ட், நிக்கல் எல்லாம் காசு தின்னும் சரக்கு. அதனால்தான் "இரும்பு ஃபுளோரைடு வந்தால் பேட்டரி விலை சரிந்துவிடும்" என்று அவ்வப்போது ஒரு செய்தி கிளம்புகிறது.

செய்தியில் பாதி உண்மை. இப்போது ஓடும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் தாங்கும். இரும்பு ட்ரைஃபுளோரைடோ, கணக்குப்படி 712! நாலு மடங்குக்கும் மேல்.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. பாஸ்பேட்டில் லித்தியம் லாட்ஜுக்கு வரும் விருந்தாளி மாதிரி. வரும், தங்கும், போகும், கட்டடம் அப்படியே இருக்கும். ஃபுளோரைடில் ஒவ்வொரு முறையும் வீட்டையே இடித்துக் கட்ட வேண்டும். மின்சாரம் எடுக்கும்போது அது இரும்புத் துகளாகவும் லித்தியம் ஃபுளோரைடாகவும் உடைகிறது, சார்ஜ் ஏற்றும்போது திரும்பச் சேர வேண்டும். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஏற்றும் வோல்ட்டுக்கும் எடுக்கும் வோல்ட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி வேறு. அந்த இடைவெளி முழுக்க வெப்பமாகப் போகும் நஷ்டம். போதாததற்கு அதில் லித்தியமே கிடையாது, மறுமுனையில் இருந்து தனியாகத் தர வேண்டும்.

100 ரூபாய் போட்டால் கணிசமாகப் பிடித்துக்கொண்டு மிச்சம் தரும் வங்கியில் யார் கணக்கு வைப்பார்கள்? மூலப்பொருள் விலை வேறு, அடக்க விலை வேறு. முதலாண்டு காஸ்ட் அக்கவுண்டிங் பாடம்தானே இது!

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. 1997-ல் பாதி, குட்இனஃப் குழுவினர் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தபோது அதற்கும் இதே கெட்ட பெயர்தான், "மின்சாரம் கடத்தாது" என்று. துகளைச் சின்னதாக்கி, கார்பன் பூசி, வருடக் கணக்கில் உழைத்துத்தான் அது தேறியது. இன்று சீனக் கார்களில் ஓடுகிறது. ஃபுளோரைடையும் 2003-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸில் அமாட்டுச்சி குழுவினர் கார்பனோடு சேர்த்து நுண்துகளாக்கி, இடித்த வீட்டைத் திரும்பக் கட்ட முடியும் என்று காட்டிவிட்டார்கள். இருபது ஆண்டு தாண்டியும் கடைக்கு வரவில்லை என்றால், இன்னும் உழைப்பு பாக்கி என்று அர்த்தம்.

அந்த உழைப்பு இங்கே நடக்க முடியாதா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. 2019-ல் குட்இனஃபுக்காக நோபல் உரை நிகழ்த்திய ஆறுமுகம் மந்திரம் மதுரையில் படித்தவர். ஆள் பஞ்சம் இல்லை. பேட்டரி உற்பத்திக்கு 2021-ல் மத்திய அரசு ஒதுக்கிய ஊக்கத்தொகை 18,100 கோடி. அது தொழிற்சாலைக்கு. ஆய்வகத்துக்கும் சந்தைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சலிப்பூட்டும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு யார் செலவு செய்வது? அதைச் செய்த நாடுதான் இன்று விற்கிறது, மற்றவர்கள் வாங்குகிறார்கள்.

அடுத்த முறை "712" என்று தலைப்பு பார்த்தால் கைதட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போட்டதில் எவ்வளவு திரும்ப வருகிறது? அந்தப் பதில் ஏறும் வருடம்தான் ஸ்கூட்டர் விலை இறங்கும் வருடம்.