பிரமை அன்று, வியாதி

காலையில் எழும்போது குறையொன்றும் இல்லை. நண்பகல் கடந்ததும் கண்ணிமை தாழ்கிறது. எதிரே நிற்கும் ஒருவர் இருவராகத் தோன்றுகிறார். மாலையில் பேச்சுக் குழறுகிறது. சோற்றை மென்று விழுங்கவும் சக்தியில்லை. சற்று நேரம் படுத்தெழுந்தால் பலம் திரும்புகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் வியாதியின் இயல்பு இது. வருந்துகிறவரை வீட்டார் சோம்பேறி என்கின்றனர்; வைத்தியர்களிலும் சிலர் மனப்பிரமை என்று கூறி அனுப்பிவிடுகின்றனர். நோயாளி பெண்ணாயிருந்துவிட்டாலோ கேட்கவே வேண்டியதில்லை. இந்த அநீதியைப் பற்றி நாம் மௌனமாயிருப்பதற்கில்லை.

நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்வது அசெடைல்கோலின் என்ற ரசாயனப் பொருள். அதை ஏற்கும் இடங்களை, பெரும்பாலான நோயாளிகளிடத்தில், உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிக்கிறது. ஊரைக் காக்க வைத்த படை ஊராரையே சுடும் விபரீதத்துக்கு ஒப்பானது இது. ஆனால் பரிகாரமில்லாத வியாதியன்று. 1934-ல் லண்டனைச் சார்ந்த கிரீனிச்சில், ஏழைகளுக்கான ஆஸ்பத்திரியொன்றில் உதவி வைத்தியராயிருந்த மேரி வாக்கர் என்ற மாது, இந்நோயாளியின் நிலை குராரே விஷமேறியவரின் நிலையை ஒத்திருக்கக் கண்டார். அவ்விஷத்துக்கு மாற்றான பைசோஸ்டிக்மினைச் செலுத்தினார். தாழ்ந்த இமை உயர்ந்தது! பெரிய கலாசாலைப் பேராசிரியர் எவரும் அல்லர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இன்று பிரிடோஸ்டிக்மின் மாத்திரை அவ்வேலையைச் செய்கிறது. அதன் பலன் சில மணி நேரமே நிற்பதால், உணவுக்கு முன் எப்போது விழுங்குவது என்று கணக்கிட்டே நோயாளி நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கப் பிரெட்னிசோலோன் கொடுத்தால் எலும்பு மெலிவும் சர்க்கரை வியாதியும் கூட வரலாம். சிலருக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியை அறுத்தெடுக்கிறார்கள். இவ்வளவும் தாங்கி ஜீவிக்க முடியும். 1984-ல் இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்ட நடிகர் அமிதாப் பச்சன் அதன் பிறகும் நெடுங்காலம் நடித்தார். பிரபலஸ்தருக்கு வந்தால் தேசம் முழுவதும் அறிகிறது. தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளிக்கு வந்தால் பெயர்கூடத் தெரிவதில்லை.

அபூர்வ வியாதிதானே என்று ஒதுக்குவோருக்கு ஒரு கணக்குச் சொல்வோம். பத்து லட்சம் பேரில் 100 பேர் என்று குறைத்தே வைத்தாலும், 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி 7 கோடியே 21 லட்சம் மக்கள் வாழ்ந்த தமிழ்நாட்டில் இவர்கள் 7,000-க்கு மேற்படுவர். இவர்களைக் கண்டுபிடிக்க முதலில் விலையுயர்ந்த யந்திரம் வேண்டியதில்லை. ஓரிரு நிமிஷம் இமைக்காமல் மேலே பார்க்கச் சொல்லலாம்; ஒன்று முதல் ஐம்பது வரை உரக்க எண்ணச் சொல்லலாம்; தாழ்ந்த இமைமீது இரண்டு நிமிஷம் பனிக்கட்டி வைத்துப் பார்க்கலாம். சந்தேகம் உண்டானால் பிறகு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளிகளைப் பெரும்பாலும் காலையில் பார்க்கிறார்கள். மாலையில் வெளிப்படும் வியாதியைக் காலையில் தேடினால் அகப்படுமா? நோயாளி சொல்வதை நம்பி, மாலையில் ஒரு முறை வரச் சொல்வதால் வைத்தியருக்கு என்ன நஷ்டம்?

மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிட்டால் நாழிகைகளே கணக்கு. அப்பொழுது செயற்கைச் சுவாச யந்திரமும், பிளாஸ்மா மாற்றமோ இம்யூனோகுளோபுலினோ வேண்டும். பின்னது ஆயிரக்கணக்கானோர் தந்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது, விலையும் அதிகம். தலைவர்களின் பிறந்த நாளில் இரத்ததான முகாம் நடத்தும் தொண்டர்கள், அந்த உற்சாகத்தை மற்ற நாட்களிலும் காட்டினால் நன்று. ஜென்டாமைசின், சிப்ரோபிளாக்சசின் போன்ற சாதாரண மருந்துகள்கூட இந்நோயை முற்றச் செய்யக்கூடும். ஆகவே ஒவ்வொரு நோயாளியிடமும் தமிழில் அச்சிட்ட எச்சரிக்கைச் சீட்டு ஒன்று இருப்பது அவசியம்.

ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் எத்தனையில் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை வருஷம் முழுவதும் கையிருப்பில் இருக்கிறது? சட்டசபையின் அடுத்த கூட்டத்தில் நம் பிரதிநிதிகளில் ஒருவராவது சுகாதார மந்திரியிடம் இதைக் கேட்பாராக.