பெயர் சொல்லாத பாட்டு

1996. மலேசியாவின் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் எனக்கு இரவு ஷிப்ட். பேக்டரி பஸ்ஸில் பக்கத்து இருக்கைத் தோழி சில வாரங்களாகவே வாய் திறக்கவில்லை. மூன்று வருஷம் நம்பியிருந்தவன் கைவிட்டுவிட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒருநாள் வாக்மேன் இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்து, “இதக் கேளுங்கக்கா” என்றாள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய கேசட். பாட்டு வரிகள் அச்சிட்ட தாள், பிரித்துப் பிரித்துப் படித்ததில் மடிப்போடு கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது.

அது அலனிஸ் மோரிசெட்டின் ‘ஜாகெட் லிட்டில் பில்’. 1995 ஜூனில் வந்த ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பம். கனடாவின் ஒட்டாவாவில் பிறந்த அவருக்கு அப்போது வயது 21. லாஸ் ஏஞ்சலிஸில் தயாரிப்பாளர் கிளென் பாலார்டோடு உட்கார்ந்து, பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என எழுதி, அன்றே பாடிப் பதிந்தார். மாதிரிக்குப் பதிந்த அந்தக் குரலே பல பாட்டுகளில் அப்படியே இருக்கிறது. மூச்சு வாங்குவதும் தொண்டை கம்முவதும் நம் காதில் விழுவது அதனால்தான். 1996இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அதில் ‘யூ ஆட்டா நோ’ என்ற பாட்டு, விட்டுவிட்டுப் போனவனை நேருக்கு நேர் நிறுத்தி நியாயம் கேட்கிறது. அவன் யார் என்று ஊர் உலகமெல்லாம் துருவியது. அலனிஸ் பெயரைச் சொல்லவே இல்லை.

இந்த நெறி நமக்குப் புதிதல்ல. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்கிறது தொல்காப்பியம். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் எங்குமே இல்லை. வேலில் பாண்டியரின் அடையாளமான வேம்பு சூடியிருந்ததைச் சொன்னதே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று, அதை அகத்தில் சேர்க்காமல் புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். எவ்வளவு கறாரான கணக்கு! பெயர் இல்லாததால்தான் சங்கப் பெண்புலவர் வெள்ளிவீதியாரின் பிரிவுத்துயரம் இன்றும் யாருக்கும் பொருந்துகிறது. அலனிஸின் கோபம் மாக் மண்டின் பஸ்ஸில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கோபமானதும் அப்படித்தான்.

நம் சினிமாவில் காதல் தோல்விப் பாட்டு பெரும்பாலும் ஆணின் சொத்து. அதிலும் பெண்ணை வைவதே மிகுதி. 2011இல் ‘கொலவெறி’ பாட்டோடு, காதலில் தோற்ற ஆண்களைக் குறிக்கும் ‘சூப் பாய்ஸ்’ என்ற சொல் வீடுவீடாகப் பரவியது. கைவிடப்பட்ட பெண் பாடினால் அழ வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது. இது எனக்கு ஒப்பாது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பெண்கள் தம் வாயால் பிரிவைப் பாடிய மொழி இது.

கோபத்தோடு அலனிஸ் நின்றுவிடவும் இல்லை. 1998இல் வந்த அடுத்த ஆல்பத்தில் ‘அன்சென்ட்’ என்றொரு பாட்டு. தன் மனம் கவர்ந்த ஆண்கள் ஐவருக்கு எழுதி, அனுப்பாமல் வைத்த கடிதங்களின் வடிவம். அங்கே பெயர்கள் வருகின்றன. ஆனால் ஏச்சு இல்லை. தன் பங்குத் தவற்றை ஒப்புக்கொள்கிறார், நல்லதை நினைத்து நன்றி சொல்கிறார். வைதபோது மறைத்தார், வாழ்த்தும்போது பெயர் சொன்னார். பண்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்று உறவு முறிந்த மறுநாளே பெயரும் படமும் கைப்பேசியில் ஊரைச் சுற்றி வருகின்றன. அப்படிப் போட்டதைத் திரும்ப அள்ள முடியாது. தங்கைகளே, தம்பிகளே, வலித்தால் எழுதுங்கள், கத்திப் பாடுங்கள். கிட்டார் இல்லாவிட்டால் நோட்டுப் புத்தகம் போதும். பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

என் தோழி கடைசிவரை அவன் பெயரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.