கணக்குப் போட்டது கருவி; கண்ணீர் விட்டவன் ஏழை!

புதையல் தேடுவோர் மண்ணைத் தோண்டுவர். இன்றைய அரசுகளோ பதிவேடுகளைத் தோண்டுகின்றன! வரி, ஓய்வூதியம், உதவித்தொகை என மலைமலையாய்க் குவிந்து கிடக்கும் விவரங்களைக் கணினி கொண்டு கிளறி, அவற்றுள் மறைந்திருக்கும் செய்தியைக் கண்டெடுக்கும் கலைக்குத் தரவு அகழ்வு என்று பெயர். வரவேற்கிறோம். விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகளல்லர். ஆனால், ஒன்று கேட்கிறோம்: தோண்டுவது எதற்காக? ஏழைக்குச் சேரவேண்டியதை எடுத்துத் தரவா, ஏழைக்கே குழி பறிக்கவா?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். வேலையற்றோர் அங்கே இரு வாரத்துக்கு ஒருமுறை தம் வருமானத்தைத் தெரிவித்து உதவித்தொகை பெறுவர். வரித்துறையிடம் இருந்ததோ ஆண்டு வருமானக் கணக்கு. 2016-இல் முழுவீச்சில் இறங்கிய 'ரோபோடெட்' திட்டம், அந்த ஆண்டுத் தொகையை 26-ஆல் வகுத்தது. கிடைத்த சராசரியே ஒவ்வொரு இரு வாரத்து வருமானமும் என்று கொண்டது. ஆறு மாதம் உழைத்து 26,000 டாலர் ஈட்டி, ஆறு மாதம் வேலையின்றி வாடியவனின் கதி என்ன? "வாடிய நாளிலும் இரு வாரத்துக்கு 1,000 டாலர் உன் கையில் இருந்தது, வாங்கிய உதவியைத் திருப்பிக் கொடு" என்று பொருள்படும் கடிதம்!

ஆற்றின் சராசரி ஆழம் இடுப்பளவே என்று கணக்கிட்டு, பிள்ளைகளை இறங்கச் சொன்ன கணக்கப்பிள்ளையின் கதை நம் நாட்டுப்புறத்திலே உண்டு. கணக்குச் சரி, பிள்ளைகள் எங்கே?

கடன் உண்டென்று மெய்ப்பிக்கவேண்டியவர் கடன் கேட்பவரல்லவா? அங்கோ, கடன் இல்லையென்று ஏழை மெய்ப்பிக்க வேண்டும். பல ஆண்டுக்கு முந்திய சம்பளச் சீட்டைத் தேடி அலைய வேண்டும்! 2019-இல் நீதிமன்றத்திலே அந்தக் கணக்கு வீழ்ந்தது. 2020-இல், ஏறத்தாழ 4,70,000 கடன்களுக்காக வசூலித்த 72 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசே அறிவித்தது. 2023 ஜூலையில் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கை, அத்திட்டத்தில் நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை என்று சாற்றியது.

கருவியின் குற்றமா இது? இல்லை, ஏவியவர் குற்றம்! பெல்ஜியத்திலும் பதிவேடுகளை ஒப்பிடுகிறார்கள். மின்சார நிறுவனங்களின் வாடிக்கையாளர் பட்டியலோடு சமூகப் பாதுகாப்புப் பதிவேடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. தகுதியுள்ளோரில் மிகப் பலருக்கு, மனுப்போடாமலே, காத்துக் கிடக்காமலே, சலுகைக் கட்டணம் வீடு தேடி வருகிறது. இங்கும் கணினிதான், அங்கும் கணினிதான். அங்கே அது வேட்டை நாய். இங்கே அது வீட்டு விளக்கு!

எனவே, பதிவேடு தோண்டும் அரசுகள் அனைத்துக்கும் நாம் கூறுவோம்: ஐயத்தை இயந்திரம் எழுப்பட்டும், தீர்ப்பை மனிதன் வழங்கட்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பை அரசு சுமக்கட்டும். வாங்கியவரில் பொய்யர் யாரெனத் துழாவுமுன், வாங்காமல் விடுபட்ட ஏழை யாரெனத் தேடட்டும்.

அரசுக்கு ஏழை பட்ட கடனைக் கண்டுபிடிக்கக் கணினி உண்டு. ஏழைக்கு அரசு பட்ட கடனை அதே கணினி கணக்கிடும் நாள் எந்நாளோ, அந்நாளே மக்களாட்சியின் நன்னாள்!