நவராத்திரிக் கோலத்துக்கு வண்ணம் மட்டும் போதுமா?

நவராத்திரி நெருங்குது. கோலப் போட்டிக்கு வண்ண அரிசி யார் கொண்டு வர்றதுன்னு வாட்ஸ்அப்பில் பேச்சு தொடங்கிவிட்டது. அதற்கு முன்னால் தொண்டர்கள் நாங்கள் ஒன்று சொல்லணும்.

போன வருஷம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்த மயிலை அப்படியே வரைந்து நிறம் நிரப்பினார்கள். அழகுதான், பரிசும் கொடுத்தோம். ஆனால் மண்டப மூலையில் ஒரு பாட்டி வெறும் மாவில் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு என்றாலே ஓடுகிற நம்ம பையன்கள் நாலு பேர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு வெட்டிக்கொள்ளும்படி பின்னிக்கொண்டே போனால், கையெடுக்காமல் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். 3க்கு 3 வைத்தால் முடியாது, மூன்று தனி இழை வரும். 4க்கு 6 வைத்தால் இரண்டு. ஏன் பாட்டி? "அது அப்படித்தான்யா வரும், நீயே வச்சுப் பாரு" என்றார். வைத்து வைத்து அழித்து, கடைசியில் ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான்: இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை! பயிற்சிப் புத்தகத்தில் அதே கணக்கைப் பார்த்தால் அவனுக்குக் கொட்டாவிதான் வரும்.

இது பாட்டிக் கதை மட்டும் இல்லீங்க. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-லேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே வழியில் கோலத்தை ஆராய்ந்த கே.ஜி. சுப்பிரமணியன் பின்னாளில் நம்ம பினாங்கு யூ.எஸ்.எம்.மிலேயே பணியாற்றினார். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"கோவில்ல எதுக்குப் பாடம், டியூஷன் இருக்கே" என்று சிலர் கேட்கிறீர்கள். பாடம் நடத்தச் சொல்லவில்லை. டியூஷனுக்காகப் பிள்ளைகள் கோவிலுக்கு வருவதே குறைகிறது, சிக்குக் கோலம் தெரிந்த பாட்டிமார்களும் குறைகிறார்கள். இரண்டு பேரையும் ஒரே தரையில் உட்கார வைக்கலாமே என்கிறோம்.

அதனால் இந்த வருஷம் படம் பார்த்துப் போடும் கோலத்துக்குப் பரிசு வேண்டாம். புள்ளி வைத்து, எத்தனை இழை வரும்னு முன்கூட்டியே சொல்லிட்டுப் போடட்டும். தப்பானால் அழிச்சுட்டு மறுபடி போடட்டும், மாவுதானே!

முதல் நாள் மாலை பூஜைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வாங்க. பாட்டிமார்களுக்கு முழங்கால் வலி என்றால் பலகை போட்டுத் தருகிறோம். பையன்களையும் அனுப்புங்க. நாற்காலி அடுக்க நாங்க இருக்கோம்.