ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் எவ்வளவு தூரம்?

பூகோள உருண்டையின்மீது ஹெல்சிங்கியில் ஒரு விரலும் டோக்கியோவில் ஒரு விரலுமாக நூலை இழுத்துப் பிடித்தால், அந்நூல் பின்லாந்திலிருந்து வடகிழக்காக ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டி 67 பாகை அட்சரேகையைத் தொட்டு, பிறகு சைபீரியாவின் குறுக்கே சரிந்து ஜப்பானை அடைவதைக் காணலாம். சுவர்ப்படத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்தே பழகிய கைக்கு, கசகஸ்தானும் மங்கோலியாவும் வழியில் வாராமற்போவது முதல் நாளில் திகைப்பாகவே இருக்கும். நூலின் நீளம் ஏறத்தாழ 7,830 கிலோமீட்டர், அதாவது சுமார் 4,230 கடல்மைல். பெருவட்டத் தூரம் என்று நாம் வழங்குவதும், அட்டவணைகளில் வெறும் 'தூரம்' என்ற மொட்டைத் தலைப்பின்கீழ் அச்சேறுவதும் இதுவே.

ஆனால் அந்நூலை ஒட்டிப் பறக்கும் பாக்கியம் பின்லாந்து விமானங்களுக்கு எல்லாக் காலத்திலும் வாய்த்துவிடவில்லை. 1983-இல் பின்னேர் நிறுவனம் டிசி-10 விமானத்தைக்கொண்டு இவ்விரு நகரங்களுக்கிடையே இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது, சைபீரிய வான்வழிக்கு அனுமதி இல்லாமையால், வடதுருவத்தின் மேலாகச் சென்று பேரிங் ஜலசந்தி வழியே பசிபிக்கில் இறங்க வேண்டியிருந்தது. பின்னர் அனுமதி கிடைத்துப் பிரயாணம் ஒன்பது மணி நேரச் சொச்சமாகச் சுருங்கி, 2022 பிப்ரவரியில் ரஷ்ய வானம் மூடப்பட்டதும் மறுபடி பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. துருவ வழியில் நூலின் கணக்கு உதவாது. ஓடும் தூரம் 10,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். துருவம் கடந்த பிரயாணிகளுக்குச் சான்றிதழ் ஒன்று கொடுக்கிறார்கள். அதே இரவில், காந்தத் திசைகாட்டியை நம்பவியலாத அப்பிரதேசத்தில் எந்தக் குளிர்க்காற்றுத் திரள் இறக்கையிலுள்ள ஜெட் ஏ-1 எரிபொருளை அதன் உறைநிலையான மைனஸ் 47 பாகைக்கு அருகே கொண்டுபோகுமோ என்று கணக்கிட்டு உட்கார்ந்திருந்த டிஸ்பாட்சருக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதாகத் தெரியவில்லை.

இன்னுமொரு தூரம் உண்டு. நம் தொழிலில் சோறுபோடுவது அதுதான். 4,200 கடல்மைல் தரைத்தூரத்தை 480 நாட் உண்மை வேகத்தில் பறக்கும் விமானம், 60 நாட் எதிர்க்காற்றில் பத்து மணி நேரம் ஓடி 4,800 மைல் காற்றைக் கிழிக்கிறது. அதே காற்று முதுகுக்குப் பின்னால் வீசினால் சுமார் 3,730 மைலோடு வேலை முடிந்துவிடுகிறது. எரிபொருளை வாங்குவது இந்தக் காற்றுத்தூரமே. போக்கிற்கும் வரவிற்கும் ஒரே எண்ணைப் போட்டுச் சிக்கனம் பேசும் கட்டுரைகள் நம் மேசைக்கு வந்தவண்ணம் இருப்பது, ஒளிவின்றிச் சொன்னால், நமக்கு அலுத்துவிட்டது.

ஆகவே அடுத்த இதழ் முதல், கட்டுரையாளர்கள் தூரத்தை எழுதுமிடத்தில் அது பெருவட்டத் தூரமா, பறப்புத் திட்டத்தில் கண்ட தரைத்தூரமா, காற்றுத்தூரமா என்பதையும், பின்னிரண்டுக்கும் பறந்த தேதியையும் சேர்த்தே குறிப்பிட வேண்டுகிறோம். தேதியில்லாத எண் வந்தால் கட்டுரை திருப்பி அனுப்பப்படும்.