பயமும் கணக்கும்

நம் மக்கள் எதெதற்குப் பயப்படுகிறார்கள் என்று யோசித்துப் பார்ப்போமானால் வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கிறது.

2025 ஜூன் 12-இல் ஆமதாபாத்தில் ஆகாய விமானம் விழுந்து, உள்ளிருந்தவர்களும் தரையிலிருந்தவர்களுமாக 260 பேர் மாண்டனர். தேசமே நடுங்கிற்று. அது தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சர்க்கார் கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் இந்திய ரோடுகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதாவது நாளொன்றுக்கு 461 பேருக்கு மேல்! இதற்கு யார் நடுங்கினார்கள்?

காரணம் என்ன? பிணங்கள் ஒரே இடத்தில் குவிந்தால் மனம் பதறுகிறது. ஊருக்கொன்றாய்ச் சிதறினால் பழகிப் போகிறது. போதாக்குறைக்கு, வண்டி தன் கையில் இருக்கிறதென்ற வீண் தைரியம் வேறு!

புது மோட்டார் சைக்கிளின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர், தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கியின்மேல் வைத்துக்கொண்டு போகிறார். கல்லடிக்குத் தப்பினாலும் கண்ணடிக்குத் தப்ப முடியாதாம்! கல்லடியில் உடைந்த மண்டைகளை டாக்டர்கள் தினமும் பார்க்கிறார்கள். கண்ணடியில் உடைந்த மண்டையைப் பார்த்தவர் யார்? அதே 2022-இல் தலைக்கவசம் அணியாமல் மாண்டவர்கள் 50,029 பேர். அவர்கள் வண்டிகளுக்கு எத்தனை எலுமிச்சம்பழங்கள் நசுங்கினவோ!

ஆகவே தோழர்களே! பயப்படவே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துப் பயப்படுங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.